இடது பக்கத்துப் பெட்டி

கருண்டா
17 ஜூன் 1984

வெர்னா,

இதைச் சமாதானத் தூது என்று நினைத்துவிடாதே. ஸ்பீக்கர் பற்றிக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். அக்கா தம்பி பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆயிற்று. அதை இப்போது கிளற எனக்கு நேரமும் இல்லை, விதைப்பு முடிந்த களைப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது.

ஊர் சினிமாக் கொட்டகையை மூடிவிட்டார்கள். அங்கே இருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை நான் எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, தொட்டால் சுடுகிறது. ஆனால் எட்டே எட்டு வாட்தான். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டேன், அறை இப்போது நல்ல நீளம். அப்பாவின் பித்தளை வாத்திய ரெக்கார்டுகளை அதில் முழங்க வைக்க வேண்டும். கடைக்காரனிடம் கேட்டால், "எட்டு வாட்டா? அத வச்சு ரொட்டி கூடச் சுட முடியாது க்ளெம்" என்று சிரிக்கிறான். அவன் காட்டுகிற ஸ்பீக்கர் எல்லாம் நூறு வாட் தின்கிற பன்றிகள்.

பெட்டியை நானே செய்துகொள்வேன், மரவேலை எனக்கு வரும். எந்த ஸ்பீக்கர், எந்த ட்வீட்டர், நடுவில் என்ன போடுவது என்று மட்டும் எழுது. போனில் வேண்டாம், நீ பாதியில் வைத்துவிடுவாய். அப்பாவின் உயிலைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கடிதம் அடுப்புக்குப் போகும்.

க்ளெம்

அடிலெய்ட்
25 ஜூன் 1984

க்ளெம்,

அடுப்பில் போடுவதற்கு முன்னால் இரண்டாம் பக்கத்தையும் படி, ட்வீட்டர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உயில். நிலம் மகனுக்கு, பியானோ மகளுக்கு. நம் பக்கத்தில் எந்தக் கோதுமை வீட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள், அப்பா ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. என் கோபம் அப்பா மேல் இல்லை. வக்கீல் அதைப் படித்தபோது நீ ஜன்னல் வழியாக மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாயே, அதன் மேல். பியானோவை விற்று ஆசிலாஸ்கோப் வாங்கினேன். அதை வைத்துத்தான் இன்று ரேடியோ பழுது பார்த்துச் சாப்பிடுகிறேன். அவ்வளவுதான், முடித்துவிட்டேன்.

இனி ஸ்பீக்கர். உன் ஆம்ப்ளிஃபையரில் குறை இல்லை. சட்டியில் எட்டு வாட் இருந்தால் அகப்பையில் எட்டு வாட்தான் வரும், அதை வீணாக்காத ஸ்பீக்கரைத் தேடுவதுதான் வேலை. கடை ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு எண்பத்தைந்து டெசிபல் கத்தும். நமக்கு நூறு வேண்டும். அதே சத்தத்தைக் கடை ஸ்பீக்கரில் எடுக்க முப்பது மடங்கு கரண்ட் ஊற்ற வேண்டும், இப்போது புரிகிறதா?

கீழே பதினைந்து அங்குல வூஃபர். நடுவில் புனல் வாய் வைத்த ஹார்ன். மேலே சின்ன ஹார்ன் ட்வீட்டர். இவற்றைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். நீ ஆட்டுப் பட்டியின் சந்தில் நின்று கதவை அப்படியும் இப்படியும் தள்ளி, கிடாவை ஒரு பக்கம், குட்டியை ஒரு பக்கம், பெட்டையை ஒரு பக்கம் விடுவாயே, அதே வேலைதான். ஐந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வூஃபர், ஆறாயிரத்துக்கு மேலே ட்வீட்டர், நடுவில் உள்ள குரல் எல்லாம் ஹார்னுக்கு.

ஒரு நிபந்தனை. இரண்டு பெட்டியில் ஒன்றை நான் செய்வேன். என் கொல்லைக் கொட்டகையில், என் கையால். இரண்டு கிராஸ்ஓவரும் நான்தான் செய்வேன். அந்த வீட்டில் பாதி சத்தமாவது என்னுடையதாக இருக்க வேண்டும். முடியாது என்றால் கடைக்காரனிடமே போய்ப் பன்றி வாங்கிக்கொள்.

வெர்னா

கருண்டா
9 ஜூலை 1984

வெர்னா,

ஒரு பெட்டி நீ செய். எனக்கு மரம் மிச்சம்.

ஆனால் ஹார்ன் வேண்டாம். ஹார்ன் என்றால் ஆட்டுச் சந்தையில் ஏலம் போடுகிறவன் தொண்டை. எனக்கு வீட்டிலும் அவனா? நடுவுக்கு நல்ல எட்டு அங்குலக் காகிதக் கூம்பு போதும். ட்வீட்டர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டியலில் நூற்றெட்டு டெசிபல் ஒன்று போட்டிருக்கிறான், அதை வாங்கு. மேல் சத்தம் குறைவாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. இப்போதெல்லாம் எந்த ரேடியோவைக் கேட்டாலும் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. பொருளெல்லாம் மட்டமாகிவிட்டது.

கிளெனிஸ் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

க்ளெம்

அடிலெய்ட்
16 ஜூலை 1984

க்ளெம்,

நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. நினைவுபடுத்தியதற்கு நன்றி.

உன் காகிதக் கூம்பு தொண்ணூற்றிரண்டு டெசிபல். வூஃபர் தொண்ணூற்றொன்பது. ட்வீட்டர் நூற்றெட்டு. மூன்று பேர் சேர்ந்து நடக்கும்போது நொண்டுகிறவன் வேகத்துக்குத்தான் மற்ற இருவரும் நடக்க வேண்டும். நடுவில் சோம்பேறியை வைத்தால் வூஃபரையும் ட்வீட்டரையும் அவனுக்காகக் கட்டிப்போட வேண்டும். அப்புறம் எட்டு வாட்டை வைத்து ரொட்டி சுடு. ஹார்னை வைத்தால் அது நூற்றாறு. அதையும் ட்வீட்டரையும் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வூஃபர் அளவுக்கு இறக்குவேன். மூன்றும் ஒரே நடை. ஏலக்காரன் கத்துவது ஹார்னின் குற்றம் இல்லை, அதை அவன் கையில் கொடுத்தவனின் குற்றம்.

ஹார்ன்தான். எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, உன் பங்கை ரயிலில் அனுப்புகிறேன். பெட்டியின் உள்ளளவு தாளில் இருக்கிறது. அதில் ஒரு விரல்கடை கூட உன் இஷ்டத்துக்கு மாற்றாதே.

உன்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்காக, கிளெனிஸிடம் நானும் கேட்டதாகச் சொல்.

வெர்னா

கருண்டா
30 செப்டம்பர் 1984

வெர்னா,

உன் பெட்டியைப் பக்கத்துப் பண்ணை லெஸ் பாம்கார்ட் லாரியில் கொண்டுவந்து இறக்கினான். மூன்று பேர் தூக்கினோம். என் முதுகு போய்விட்டது. கணப்படுப்புக்கு இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. நிலநடுக்கம் வந்தாலும் அசையாதபடி இரண்டையும் தரையோடு திருகி முடுக்கிவிட்டேன்.

ஹார்ன் பற்றி நீ சொன்னது சரி. இதை ஒரு தடவைதான் சொல்வேன். டிராம்போன் வாசிக்கிறவன் மூச்சு இழுப்பது வரைக்கும் கேட்கிறது. எட்டு வாட்டில் பாதியைக் கூட நான் இன்னும் திருப்பவில்லை, ஜன்னல் அதிர்கிறது.

ஆனால் ஒன்று. உன் பெட்டி மங்கலாக இருக்கிறது. பித்தளைத் தாளத் தட்டு மோதினால் என் பக்கம் சிலீரென்று வருகிறது, உன் பக்கம் தகரத்தைப் போர்வைக்குள் வைத்துத் தட்டுவது போல இருக்கிறது. இசைக்குழு மொத்தமும் வலது பக்கம் சாய்ந்து, குதிரை வண்டியில் ஒரே பக்கமாக உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கிறது. எங்கேயோ தப்பு பண்ணியிருக்கிறாய். என்னவென்று பார்த்து எழுது.

க்ளெம்

அடிலெய்ட்
5 அக்டோபர் 1984

க்ளெம்,

தப்பு பண்ணியிருக்கிறேனாம்! என் பெட்டியை ஒரு வாரம் அளந்த பிறகுதான் லெஸ்ஸிடம் கொடுத்தேன். உன்னுடையதை யார் அளந்தது? நாயா?

குற்றம் ஆம்ப்ளிஃபையரில் இருக்கலாம், கொட்டகையில் இருபது வருஷம் வெந்தது அது. பின்பக்கம் இருக்கிற இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சொருகு. மங்கல் வலது பக்கம் போனால் ஆம்ப்ளிஃபையர். போகாவிட்டால் எழுது.

வெர்னா

கருண்டா
14 அக்டோபர் 1984

வெர்னா,

ஒயரை மாற்றினேன். மங்கல் இடது பக்கமே இருக்கிறது. சரி, ட்வீட்டராக இருக்கும் என்று இரண்டு ட்வீட்டரையும் கழற்றி இடம் மாற்றினேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கூடப் போகவில்லை. அப்போதும் இடது பக்கம்தான். உன் ட்வீட்டர் என் பெட்டியில் கணீரென்று பாடுகிறது. என் ட்வீட்டர் உன் பெட்டிக்குள் போனதும் ஊமையாகிவிட்டது.

ஆகவே கிராஸ்ஓவர். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். என் பெட்டியில் நீ வைத்திருக்கும் கெப்பாசிட்டர் நீலம். உன் பெட்டியில் பழுப்பு. இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று நீதானே எழுதினாய்?

ஒன்று கேட்கிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. கடையில் மிஞ்சிய மட்டமான சரக்கை அந்தப் பெட்டியில் போட்டு அனுப்பினாயா? பதினோரு வருஷக் கணக்கை என் கூடத்தில் வந்து தீர்க்கிறாயா? கிளெனிஸ், "வெர்னாவப் போயி அப்படிக் கேப்பியா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள். கேட்டாயிற்று. கிராஸ்ஓவரைக் கழற்றி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்.

க்ளெம்

அடிலெய்ட்
19 அக்டோபர் 1984

க்ளெம்,

வந்தது. அளந்தேன். பழுப்பு கெப்பாசிட்டரும் நீலமும் மதிப்பில் ஒன்றேதான், நீலம் கடையில் தீர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான் கதை. வேலை பார்க்கிற இடத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவன், "இவ்வளவு சுத்தமா எவன் சுத்துனான் இந்தக் கம்பிச் சுருள?" என்று கேட்டான். நான் சுற்றினேன். உனக்காக. மூன்று தடவை பிரித்துப் பிரித்துச் சுற்றினேன்.

நான் கோபக்காரி. வாய் நீளம். எல்லாம் உண்மை. ஆனால் கையால் செய்கிற வேலையில் நான் பொய் சொன்னதே கிடையாது. அது உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாய் பார், அதுதான் எனக்கு வலிக்கிறது.

கிராஸ்ஓவர் பார்சலில் வருகிறது. திரும்பப் பொருத்திக் கேள். அப்போதும் உனக்கு என் பெட்டி ஆகாது என்றால் லெஸ்ஸிடம் சொல்லி அதை எனக்கே திருப்பி அனுப்பிவிடு. வலது பக்கத்தில் உன்னுடையதை மட்டும் வைத்துக் கேட்டுக்கொள். பாதி சத்தம் வேண்டும் என்று கேட்டது என் புத்திகெட்டதனம். இதோடு நம் கடிதமும் சரி.

வெர்னா

கருண்டா
11 நவம்பர் 1984

வெர்னா,

பொருத்தினேன். மங்கல்தான். நான் என்ன செய்ய? இருக்கிறதை இருக்கிறது என்று சொல்லக் கூடாதா?

உன் பெட்டியின் ட்வீட்டருக்கு முன்னால் இருந்த ரெசிஸ்டரை நானே வெட்டி எடுத்துவிட்டேன், கட்டவிழ்த்து விட்டால் கத்தும் என்று. இப்போது எனக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வருகிறது. ஆனால் வீட்டில் ரகளை. கிளெனிஸ் காதைப் பொத்திக்கொண்டு வந்து, "க்ளெம், நிறுத்து! இடது பக்கம் ஊசிய வச்சுக் குத்துது!" என்கிறாள். "முன்ன ரெண்டும் ஒண்ணாத்தான இருந்துச்சு, நல்லாத்தான இருந்துச்சு, எதுக்குய்யா நோண்டுன?" என்கிறாள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. இசைத்தட்டு முடியும் வரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தது.

போதகர் வந்தார், அவரிடமும் கேட்டேன். அவர் இடது பக்கம் கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது என்றார். கிளெனிஸ் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பாள். பெண்களும் போதகர்களும் நாய்களும் ஒரு கட்சி.

அறுவடை தொடங்கிவிட்டது, பெட்டியைத் தூக்க ஆள் கிடையாது. கிறிஸ்துமஸ் கழித்து லெஸ் வருவான், உன் பெட்டி வந்து சேரும். நீ கேட்டபடி.

அதை அனுப்ப எனக்கு இஷ்டம் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் மங்கலான ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் உன்னைத் திட்டுவதைவிட அது மேல்.

க்ளெம்

அடிலெய்ட்
16 நவம்பர் 1984

க்ளெம்,

ரெசிஸ்டரைத் திரும்ப வை. இன்றைக்கே.

பிறகு உன் நாற்காலியைத் திருப்பிப் போடு. பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார். அதே இசைத்தட்டு. இப்போது என் பெட்டி உன் வலது கைப் பக்கம் வரும், உன்னுடையது இடது கைப் பக்கம். எது மங்கல் என்று கேட்டு எழுது.

இதை முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். கெப்பாசிட்டர் கெப்பாசிட்டர் என்று மாரடித்தேனே, கேட்கிறவனை அளக்கத் தோன்றவில்லை.

வெர்னா

கருண்டா
2 டிசம்பர் 1984

வெர்னா,

திருப்பிப் போட்டேன். என் பெட்டி மங்கல். உன்னுடையது சிலீரென்று இருக்கிறது.

திரும்ப முன்பக்கம் போட்டேன், உன்னுடையது மங்கல். மறுபடியும் திருப்பினேன். கிளெனிஸ் வாசலில் நின்று, "என்னடா இது, நாற்காலி ஆட்டமா?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்த் தேநீர் போட்டாள்.

மழையில் அறுவடை இரண்டு நாள் நின்றது. அவள் என்னை முரே பிரிட்ஜுக்குக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்து ஊளைச் சத்தம் விட்டான். வலது காது என் வயசுக்குப் பரவாயில்லை. இடது காதுக்கு அவன் தாளில் வரைந்த கோடு நேராகப் போய், மேல் சத்தம் வருகிற இடத்தில் கிணற்றில் விழுந்தது போல விழுகிறது. அவன் என் கையைப் பார்த்தான். "கோதுமையா, ஆடா?" என்றான். ரெண்டும் என்றேன். "உழும்போது வலது தோளுக்கு மேலதான திரும்பிப் பாப்பீங்க, பின்னாடி கலப்பை நேரா வருதான்னு? அப்ப எந்தக் காது இஞ்சினப் பாத்துக்கிட்டு இருக்கும்?" என் கை தானாக இடது காதுக்குப் போனது. "ஒங்க மாதிரி ஆளுங்க படத்த நான் கண்ண மூடிக்கிட்டே வரைவேன்" என்றான். திரும்பி வராதாம். காதில் வைக்கிற மெஷின் ஒன்று சொன்னான், அதுவும் போனது வராது, இருக்கிறதைப் பெரிதாக்கும் அவ்வளவுதான்.

கூரை இல்லாத பழைய டிராக்டர் அது, அப்பாவின் டிராக்டர். அதில் ஏறியபோது எனக்குப் பதினான்கு வயது. காதில் பஞ்சு வைத்தால் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆள் நான்தான். உன் கையைச் சந்தேகப்பட்டேன். அது என்னை இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

ஒன்று மட்டும் செய்து கொடு. இடது பக்க ட்வீட்டர் எனக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாக வருகிற மாதிரி ஒரு கிராஸ்ஓவர் கட்ட முடியுமா? என்ன மதிப்பு ரெசிஸ்டர் என்று எழுது, நானே பற்றவைத்துக்கொள்கிறேன்.

க்ளெம்

அடிலெய்ட்
10 டிசம்பர் 1984

க்ளெம்,

முடியாது. கட்டத் தெரியும், கட்ட மாட்டேன். உன் காதுக்குச் சரியாக்கினால் கிளெனிஸுக்கு ஊசி, நாய்க்குத் தண்ணீர்த் தொட்டி. பெட்டிகள் சரியாக இருக்கின்றன. நாற்காலியைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போட்டு உட்கார். மிச்சத்தைக் கிளெனிஸிடம் கேட்டுத் தெரிந்துகொள், அவள் பக்கம் இரண்டு மாதமாக நியாயம் இருந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பரிதாபத்தில் அழுதேன் என்று நினைக்காதே. முதலில் கோபம்தான் வந்தது. இந்த மடையனுக்கு நாற்பது வருஷத்தில் இரண்டு துண்டு பஞ்சு கிடைக்கவில்லையா என்று. அப்புறம் அந்த டிராக்டர் ஞாபகம் வந்தது.

உனக்குப் பதினான்கு என்றால் எனக்குப் பதினேழு. அந்த இருக்கை உனக்கு. எனக்குச் சமையலறை. அப்பா சந்தைக்குப் போன அன்றைக்கு நான் ஏறி வடக்கு வயலில் பாதியை உழுதேன், நினைவிருக்கிறதா? நீ வேலி மேல் உட்கார்ந்து பார்த்தாய். சாயந்திரம் அப்பா வந்து, "க்ளெம்மா ஓட்டுனது? சால் நேரா இருக்கே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, அடி விழும் என்று பயம். நீயும் திறக்கவில்லை. நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவர் உன்னைப் புகழ்வதைக் கேட்டேன். என் வாழ்க்கையில் அப்பா என் வேலையைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் உன் பெயரில்.

அந்த இருக்கை எனக்குக் கிடைத்திருந்தால் இந்தச் செவிட்டுக் காது இன்றைக்கு எனக்கு இருந்திருக்கும். நான் தப்பித்தேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மேசையில் உட்கார்ந்து அதையே சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை, க்ளெம். எனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. இன்றைக்கு யாராவது வந்து கேட்டால் இரண்டு காதையும் கொடுத்துவிட்டு அதில் ஏறி உட்காருவேன்.

பெட்டியை லெஸ்ஸிடம் கொடுக்காதே. அங்கேயே இருக்கட்டும்.

வெர்னா

கருண்டா
6 ஜனவரி 1985

வெர்னா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு அறுவடையைக் காரணம் சொல்லலாம். அது கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிட்டது.

ரெசிஸ்டர் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நாற்காலியை நீ சொன்னபடி தள்ளிப் போட்டேன். கிளெனிஸ் நடுவில் உட்காருகிறாள். தாளத் தட்டு மோதும்போது என் முழங்கையைத் தட்டுகிறாள், "இப்ப, இப்ப" என்று. எரிச்சலாக வருகிறது. இருந்தாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

அந்தச் சால் நேராக இல்லை. கிணற்றுப் பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு கோணல் இருந்தது. அப்பா கண்ணுக்குத் தெரியவில்லை, வேலி மேல் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. திரும்பும்போது நீ பின்னால் பார்க்கவில்லை, முன்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன்னை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதனால்தான் அப்பாவிடம் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதினால் அது பொய். புகழ்ச்சி இனிப்பாக இருந்தது, சொல்லவில்லை.

இப்போதைய டிராக்டருக்குக் கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. இருந்தாலும் உனக்குக் காது மூடி வாங்கி வைத்திருக்கிறேன். கிளெனிஸ் உன் அறையில் இருந்த விதை மூட்டைகளை வெளியே போட்டுவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் முதல் மழை வரும், சமயத்தில் மே ஆகிவிடும். கிழக்கு வயலுக்கு விதையும் உரமும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அந்த வயலை இந்த வருஷம் நான் விதைக்கப் போவதில்லை, லெஸ்ஸும் விதைக்க மாட்டான், வேறு யாரையும் அதில் இறங்க விட மாட்டேன். நீ வரவில்லை என்றால் அது சும்மா கிடக்கும். நம் தாத்தா காலத்திலிருந்து ஒரு வருஷம் கூட அப்படிக் கிடந்ததில்லை. பார்த்துக்கொள்.

க்ளெம்